1,200 பேருக்கு ஒரு தனி நகராட்சி எதற்கு?

கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கித் தருகிறேன். ஃபின்லாந்தின் வடகோடியில் உட்ஸ்யோகி என்று ஒரு நகராட்சி இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 5,370 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 1,200 பேர். இவ்வளவு பேருக்கு ஒரு மன்றம், ஒரு அலுவலகம், தனிப் பள்ளிகள் எதற்கு, பக்கத்து நகராட்சியோடு சேர்த்துவிட்டால் செலவு குறையாதா என்று கேட்டிருக்கிறார். அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. ஆளே இல்லாத நிலத்துக்கு ஆட்சி எதற்கு என்பதுதான் அது. முதல் கேள்விக்குக் கணக்கு வைத்துப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அந்த நிலம் உண்மையிலேயே காலியா என்று பார்க்க வேண்டும்.

நான் பதினோரு ஆண்டுகளாக, ஃபின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்தின் தலைநகர் ரோவனியெமியில் இருக்கிறேன். உள்ளாட்சி நிதிதான் என் படிப்பு, பிழைப்பு இரண்டும். உட்ஸ்யோகிக்கு வேலையாகவும் வேலையில்லாமலும் பலமுறை போயிருக்கிறேன். அந்த மண்ணின் பூர்வகுடிகள் சாமி இன மக்கள். நான் அவர்களில் ஒருவன் அல்ல. அவர்கள் சார்பாகப் பேசும் உரிமையும் எனக்கு இல்லை. ஆற்று உயிரியலும் என் துறை அல்ல. இந்த எல்லைகளை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இடத்தைப் பற்றி முதலில். ரோவனியெமியே ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ஊர். அங்கிருந்து வடக்கே இன்னும் 450 கிலோமீட்டர் போனால் உட்ஸ்யோகி வரும். ஃபின்லாந்துப் பக்கம் அருகிலுள்ள விமான நிலையம் இனாரி நகராட்சியில் இருக்கும் இவாலோ. அதற்கே சுமார் 165 கிலோமீட்டர் சாலைப் பயணம். உட்ஸ்யோகிக்குள் பெரிய குடியிருப்புகள் மூன்றுதான். அலுவலகமும் தேவாலயமும் இருக்கும் உட்ஸ்யோகி கிராமம் ஒன்று. அங்கிருந்து வடகிழக்கே சுமார் 45 கிலோமீட்டரில் நுவோர்காம். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே வடக்கே கடைசியாக இருக்கும் கிராமம் அதுதான். எதிர்த்திசையில் 100 கிலோமீட்டர் அளவில் காரிகாஸ்னியெமி. மூன்றையும் கோத்துக்கொண்டு டெனோ ஆறு ஓடுகிறது. ஆற்றின் இந்தக் கரை ஃபின்லாந்து, அந்தக் கரை நார்வே. மக்களில் பெரும்பாலோர் இந்த ஆற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டியே வாழ்கிறார்கள். மற்ற இடமெல்லாம் மரமற்ற மேடுகளும் குட்டையான பிர்ச் காடுகளும் சதுப்பும்தான். நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் தலைகாட்டும். மே நடுவிலிருந்து ஜூலை முடிவுவரை மறையவே மறையாது.

'நகராட்சி' என்ற சொல்லே நம்மைத் தடுமாற வைக்கிறது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்ற படிகள் அங்கே இல்லை. ஃபின்னிய மொழியில் 'குன்தா' என்று ஒரே வகைதான். ஆறரை லட்சத்துக்கும் மேல் மக்கள் இருக்கும் ஹெல்சிங்கியும் குன்தா, உட்ஸ்யோகியும் குன்தா. 'நகரம்' என்ற பட்டத்தை ஒரு குன்தா விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், அதனால் கூடுதல் அதிகாரம் எதுவும் வராது. இரண்டுக்கும் ஒரே சட்டம், அடிப்படைக் கடமைகளும் ஒன்றுதான். குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள வேண்டும், பள்ளி நடத்த வேண்டும், நூலகம் வைக்க வேண்டும், நிலப் பயன்பாட்டுத் திட்டம் போட வேண்டும், தண்ணீருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ஆள் குறைவு என்பதற்காக இதில் எதையும் கைவிட முடியாது. அதனால்தான் இந்த ஊரைப் பற்றிய செலவுக் கணக்கு வெளியே இருந்து பார்ப்பவருக்கு விநோதமாகத் தெரிகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது? வருமான வரியில் ஒரு பங்கை உள்ளாட்சியே நேரடியாகப் பெறுகிறது, அதன் விகிதத்தையும் மன்றமே முடிவு செய்கிறது. நம் ஊர் உள்ளாட்சிகளுக்கு இல்லாத பெரிய அதிகாரம் இது. ஆனால் 1,200 பேரின் வருமானத்தில் எவ்வளவு வரி தேறும்? மிச்சத்தை அரசு மானியம் ஈடுகட்டுகிறது. அது அமைச்சர் பார்த்துக் கொடுப்பது அல்ல, சூத்திரம் போட்டுக் கணக்கிடுவது. குழந்தைகள் எத்தனை பேர், எந்த வயதில் இருக்கிறார்கள், மக்கள் அடர்த்தி என்ன, ஊர் எவ்வளவு ஒதுக்குப்புறமாக இருக்கிறது, சட்டம் வரையறுத்த சாமி மக்களின் தாயகப் பகுதிக்குள் வருகிறதா என்றெல்லாம் பார்த்துத் தொகை கூடும். வரி வருவாய் அதிகமுள்ள உள்ளாட்சிகளிடமிருந்து குறைவாக உள்ளவற்றுக்குச் சமன்செய்யும் ஏற்பாடும் உண்டு. ஆக, தெற்கே இருப்பவர்களின் பணம் வடக்கே வருகிறது என்பது உண்மை. அதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஊர் எங்கே இருந்தாலும் குழந்தைக்குப் பள்ளி உண்டு என்று ஒரு நாடு முடிவெடுத்தால் இப்படித்தான் செய்தாக வேண்டும்.

2023 ஜனவரி 1 முதல் ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. ஹெல்சிங்கி போன்ற விலக்குகள் தவிர, மருத்துவம், சமூகப் பராமரிப்பு, தீயணைப்பு மூன்றும் உள்ளாட்சிகளின் கையை விட்டு, புதிதாக உருவான நலச்சேவைப் பகுதிகளுக்குப் போய்விட்டன. லாப்லாந்தின் 21 உள்ளாட்சிகளுக்கும் சேர்த்து ஒரே நலச்சேவைப் பகுதி. அதற்கு ஈடாக நாடு முழுவதும் உள்ளாட்சி வருமான வரி ஒரே அளவில், 12.64 சதவீதப் புள்ளிகள் குறைக்கப்பட்டது. சிறிய உள்ளாட்சிகளின் தலையை அழுத்திய பெரிய செலவு இதனால் இறங்கியது. முன்பெல்லாம் ஓர் ஆண்டில் இரண்டு பேருக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தாலே சின்ன ஊரின் பட்ஜெட் ஆட்டம் கண்டுவிடும், அந்தப் பயம் போய்விட்டது. கூடவே, சுகாதார நிலையம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று முடிவெடுக்கும் இடமும் 450 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. இதில் மக்களுக்குக் கூடியது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை.

இப்போது இணைப்புக்கு வருகிறேன். ஃபின்லாந்து இணைப்புக்குப் பயந்த நாடு அல்ல. 2008இல் 415 ஆக இருந்த உள்ளாட்சிகள் 2009 புத்தாண்டு அன்று 348 ஆயின. 2021இல் 309. எங்கள் ரோவனியெமியே 2006இல் நகரமும் அதைச் சுற்றியிருந்த கிராமப்புற உள்ளாட்சியும் ஒன்றாகி உருவானதுதான். அப்படியிருக்க உட்ஸ்யோகியை ஏன் விட்டுவைத்தார்கள்? சேர்ப்பதற்கு ஃபின்லாந்துப் பக்கம் இருக்கும் ஒரே அண்டை இனாரி. அதுவே நாட்டிலேயே பரப்பில் மிகப் பெரிய உள்ளாட்சி, 17,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், மக்கள் ஏறத்தாழ 7,000 பேர். இரண்டையும் சேர்த்தால் ஸ்லோவேனியா நாட்டை விடப் பெரிய ஒரு நகராட்சி கிடைக்கும், அதில் 8,000 சொச்சம் பேர் இருப்பார்கள். சரி, அதில் எதை மிச்சப்படுத்துவது?

பள்ளியை எடுத்துக்கொள்வோம். உள்ளாட்சிச் செலவில் இப்போது பெரும்பங்கு அதற்குத்தான். ஃபின்லாந்துச் சட்டப்படி, பள்ளி ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் போக்குவரத்து இலவசம். அதோடு, 13 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பயணம், காத்திருக்கும் நேரமும் சேர்த்து, ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உட்ஸ்யோகியிலிருந்து இவாலோவுக்கு நல்ல சாலையில், நல்ல வானிலையில் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே எந்த நகராட்சியின் பெயர்ப்பலகை தொங்கினாலும் உட்ஸ்யோகியில் பள்ளி இருந்தே ஆக வேண்டும். அதே ஆசிரியர், அதே சமையலறை, காலையில் ஒதுக்குப்புற வீடுகளுக்குப் போய்க் குழந்தைகளைக் கூட்டிவரும் அதே டாக்சி. தண்ணீர்க் குழாய்க்கும் பனி அள்ளும் வண்டிக்கும் இதே கதைதான். இணைத்தால் தூரம் குறையாது, செலவின் பெரும்பகுதி தூரத்தால் வருவது. மிஞ்சுவது ஒரு நகராட்சி மேலாளர் பதவியும் சில அலுவலக வேலைகளும்தான். அவற்றையும் உடனே குறைக்க முடியாது, ஏனென்றால் இணைப்புக்குப் பின் குறிப்பிட்ட காலத்துக்கு ஊழியர்களைப் பொருளாதாரக் காரணம் காட்டி வெளியேற்றக் கூடாது என்று சட்டம் சொல்கிறது.

2009 இணைப்புகளைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். மொத்தச் செலவு தெளிவாகக் குறைந்ததற்கான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால், புதிய மன்றத்தில் குறைவான இடம் பெற்ற சிறிய ஊர்களிலிருந்து உள்ளாட்சி வேலைகள் மெல்லப் பெரிய ஊருக்கு நகர்ந்ததைக் கண்டார்கள். இதை உட்ஸ்யோகிக்குப் பொருத்திப் பாருங்கள். 5,000க்கும் 20,000க்கும் இடைப்பட்ட மக்கள்தொகைக்கு மன்றத்தில் குறைந்தது 27 பேர் இருக்க வேண்டும். மக்கள்தொகை விகிதப்படி உட்ஸ்யோகிக்கு நான்கு இடம் கிடைக்கும். நான்கு பேர் கையைத் தூக்கினால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. இணைப்பு எப்போதுமே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. தெற்கே, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஊர்களுக்கு அது பொருந்தலாம். இங்கே பொருந்தாது என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

மொழிதான் இதைவிட வலுவான காரணம். உட்ஸ்யோகியின் சாமி பெயர் ஒஹ்ட்செயொஹ்கா. ஃபின்லாந்தில் சாமி மக்கள் பெரும்பான்மையாக வாழும் உள்ளாட்சி இது ஒன்றுதான். சாமி மொழிச் சட்டம் 2004இல் நடைமுறைக்கு வந்தது. தாயகப் பகுதி முழுவதும் அலுவலகங்களில் சாமி மொழியில் பேசவும் எழுதவும் மக்களுக்கு அது உரிமை தருகிறது. சாமியைத் தாய்மொழியாகப் பதிவு செய்தவர்கள் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த உள்ளாட்சிக்கு மொழிக் கடமைகள் இன்னும் கூடும். உட்ஸ்யோகி அந்த வரம்பை எளிதாகத் தாண்டி நிற்கிறது. இனாரியில் மூன்று சாமி மொழிகள் பேசப்பட்டாலும், அப்படிப் பதிவு செய்தவர்களின் விகிதம் மிகக் குறைவு. இரண்டையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பு கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும். யாரும் ஒரு சட்டத்தையும் திருத்தாமல், எல்லைக் கோட்டை மட்டும் நகர்த்தி, ஒரு மொழியின் நிர்வாக வாழ்வை முடித்துவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. உட்ஸ்யோகி அலுவலகத்தில் ஒரு பாட்டி கவுன்டரில் நின்று சாமியில் பேசி, சாமியிலேயே பதில் வாங்கிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளியில் தாய்மொழி பேசவிடாத விடுதிக் காலத்தைக் கண்ட தலைமுறை அது. அந்தக் காலத்தில் நடந்தவற்றையும் சேர்த்து விசாரிக்க 2021இல்தான் அரசு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் ஒன்றை அமைத்தது.

இனி அந்த 'காலி நிலம்'. நான்கு சதுர கிலோமீட்டருக்கு ஒருவர் என்று புள்ளிவிவரம் சொல்லும். நானும் முதல்முறை போனபோது சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, இங்கே ஒன்றுமே இல்லையே என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு துருவ மான் மேய்ப்பரோடு பனிவண்டியில் போனபோதுதான் அந்த நினைப்பு தவறு என்று புரிந்தது. துருவ மான் என்று நான் சொல்வது ரெயின்டீரை. அவர் ஒவ்வொரு மேட்டையும் ஒவ்வொரு பள்ளத்தையும் பெயர் சொல்லிக் காட்டினார். இது கன்று ஈனும் இடம், இது கொசுக்காலத்தில் மந்தை காற்று வாங்க ஏறும் முகடு, இது குளிர்காலத்தில் லைக்கன் (தரையில் பாசி போலப் படர்வது) மேயும் இடம். பருவத்துக்குப் பருவம் மந்தை இடம் மாறுவதால் ஒரே குடும்பத்துக்கு இத்தனை நிலமும் தேவைப்படுகிறது. அவரிடம் எத்தனை மான் வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டுவிட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்பதற்குச் சமம் அது என்று பிறகு இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஃபின்லாந்தில் மான் வளர்ப்பு 'பாலிஸ்குந்தா' எனப்படும் மேய்ப்பர் கூட்டமைப்புகள் வழியாக நடக்கிறது. உட்ஸ்யோகி நிலம் கால்தோவைவி, பாய்ஸ்துந்துரி என்ற இரண்டுக்குள் வருகிறது. மான் யாருடையது என்பதைக் காதில் வெட்டிய அடையாளம் சொல்லும். ஒவ்வொரு உரிமையாளருக்கும் பதிவு செய்த தனி அடையாளம் உண்டு. நார்வேயிலும் ஸ்வீடனிலும் மான் மேய்ப்பது பெரும்பாலும் சாமி மக்களுக்கே உரியது. ஃபின்லாந்தில் அப்படி இல்லை, மேய்ச்சல் பகுதிக்குள் குடியிருக்கும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் யாரும் மான் வைத்துக்கொள்ளலாம். உட்ஸ்யோகியில் அது சாமி குடும்பங்களின் தொழிலாகவே தொடர்கிறது.

இந்தத் தொழிலுக்கு இப்போது வந்திருக்கும் கேடு குளிர் அல்ல, குளிர் நடுவே வரும் மழை. பனியின் மேல் மழை பெய்து மறுபடி உறைந்தால் தரையை ஒட்டிப் பனிக்கட்டி படியும். வடசாமி மொழியில் அதற்கு 'சுவோஹ்கி' என்று தனிச்சொல் இருக்கிறது. மானுக்கு ஏற்றது 'சேஅங்காஷ்', சர்க்கரை போல உதிரும் அடிப்பனி. அதைக் குளம்பால் கிளறி லைக்கனைத் தின்னலாம், சுவோஹ்கியை உடைக்க முடியாது. அந்த ஆண்டு வைக்கோலும் தீவனமும் வாங்கிப் போட வேண்டும், லாபம் அதிலேயே கரைந்துவிடும். ஆர்க்டிக் பகுதி 1979க்குப் பின் உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிறது என்று ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். 2021 ஜூலையில் உட்ஸ்யோகியின் கேவோவில் வெப்பம் 33 டிகிரியைத் தாண்டியது. இவை உறுதியானவை. பிர்ச் காடுகளின் கதையில் சர்ச்சை உண்டு. 1960களின் நடுவில் ஒரு வகை அந்துப்பூச்சியின் புழுக்கள் உட்ஸ்யோகியில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பிர்ச் இலைகளைத் தின்று காட்டையே பட்டுப்போகச் செய்தன. கேவோவில் தூர்க்கு பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் இருப்பதால் இதற்கு நல்ல பதிவுகள் உள்ளன. பல இடங்களில் காடு திரும்பவே இல்லை. மான்கள் கோடையில் துளிரை மேய்ந்ததுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். மண்ணையும் வானிலையையும் காட்டுகிறவர்களும் உண்டு. எது எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

ஆற்றுக்கு வருகிறேன், உட்ஸ்யோகியில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். டெனோ ஐரோப்பாவின் பெரிய அட்லாண்டிக் சால்மன் ஆறுகளில் ஒன்று. தூண்டிலில் பிடிபட்ட அட்லாண்டிக் சால்மன்களில் உலகிலேயே மிகப் பெரியது, சுமார் 36 கிலோ, 1928இல் இந்த ஆற்றின் நார்வேப் பகுதியில் கிடைத்தது. ஆற்றிலும் கிளைகளிலும் மரபணுவில் வேறுபட்ட 30 அளவிலான சால்மன் கூட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தான் பிறந்த கிளைக்கே திரும்பி வரும். அந்தக் குடும்பங்களுக்கு மீன் உணவு மட்டுமல்ல. எந்த வளைவில் எந்த வலை, பனி உடைந்த முதல் வாரத்தில் மிதவை வலையை எப்படி விடுவது, நீளமான ஆற்றுப் படகை எப்படிச் செய்வது என்று ஒரு முழு அறிவு அதைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. அதற்கான சொற்களும் சாமி மொழியில்தான் இருக்கின்றன. மீன் வரத்து மிகக் குறைந்ததால் 2021இல் டெனோவில் சால்மன் பிடிப்பே முற்றிலும் நிறுத்தப்பட்டது, அதற்கடுத்த கோடைகளிலும் தடை தொடர்ந்தது. சின்னப் பையன்கள் தாத்தாவோடு படகில் போய்க் கற்க வேண்டிய கோடைகள் அவை. எனக்கு இந்த மொத்த விஷயத்தில் மனம் கனப்பது இந்த இடத்தில்தான்.

மீன் ஏன் குறைந்தது? திரும்பி வரும் மீன் குறைந்துவிட்டது என்பதில் சந்தேகமில்லை. கடலில் ஏதோ மாறியிருக்கிறது என்பதே ஆய்வாளர்கள் பலரின் முதல் சந்தேகம். சில கிளைக் கூட்டங்கள் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டன என்பதும் உண்மை. இதோடு, 1950கள் முதல் சோவியத் ஒன்றியம் வெள்ளைக் கடல் பகுதியில் கொண்டுவந்து விட்ட பசிபிக் கூன்முதுகு சால்மன், 2017 முதல் ஒற்றைப்படை ஆண்டுகளில் பெருங்கூட்டமாக ஏறி வருகிறது. அது அட்லாண்டிக் சால்மனுக்கு எவ்வளவு கெடுதல் செய்கிறது என்பது ஆய்வில் இருக்கும் விஷயம். வீழ்ச்சி அதற்கு முன்பே தொடங்கியது என்பதையும் மறக்கக் கூடாது.

தடையை விட அதிகமாகப் புண்படுத்தியது அது முடிவான விதம். ஃபின்லாந்தும் நார்வேயும் டெனோவுக்காக 2016இல் போட்ட புதிய மீன்பிடி ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. எங்களைக் கேட்காமல் எங்கள் ஆற்றுக்கு விதி எழுதிவிட்டார்கள் என்று சாமி மக்கள் கொதித்தார்கள். அந்தக் கோடையில் 'எல்லோஸ் டெஅட்னு', அதாவது 'டெனோ வாழ்க', என்ற குழுவினர் ஆற்றிலுள்ள ஒரு தீவில் இந்த விதிகள் இங்கே செல்லாது என்று அறிவித்தார்கள். பின்பு 2022 ஏப்ரலில் ஃபின்லாந்து உச்ச நீதிமன்றம் உட்ஸ்யோகியின் கிளை ஆறுகள் தொடர்பான வழக்குகளில் தீர்ப்பளித்தது. அனுமதிச் சீட்டு இல்லாமலும் தடைக்காலத்திலும் மீன்பிடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட உள்ளூர் சாமி மக்களை, அரசமைப்பின் 17ஆம் பிரிவு தரும் பண்பாட்டு உரிமையைச் சுட்டி விடுவித்தது. அந்தத் தீர்ப்பு கிளை ஆறுகளைப் பற்றியது. டெனோ முதன்மை ஆற்றுக்கு அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது இன்னும் வாதத்துக்குரியது.

நிலத்துக்கும் இதே சிக்கல் உண்டு. சாமி தாயகப் பகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிலம் அரசின் பெயரில் இருக்கிறது, மெட்சாஹல்லிதுஸ் என்ற அரசு நிறுவனம் அதைப் பராமரிக்கிறது. உட்ஸ்யோகிக்குள் கேவோ காப்பகம், பாய்ஸ்துந்துரி, கால்தோவைவி வனாந்தரங்கள் மூன்றும் விரிந்து கிடக்கின்றன. கால்தோவைவி 1991 சட்டத்தால் உருவான 12 வனாந்தரப் பகுதிகளில் மிகப் பெரியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கை பூர்வகுடிகளின் நில உரிமை பற்றியது. நார்வே 1990இல் அதை ஏற்றுக்கொண்டது, ஃபின்லாந்து இன்றுவரை ஏற்கவில்லை. ஆற்று விதியை இரண்டு தலைநகரங்கள் எழுதுகின்றன, நிலம் அரசின் கையில், மருத்துவம் ரோவனியெமியில். இனாரியிலுள்ள சாமி நாடாளுமன்றத்தின் அதிகாரம் மொழியையும் பண்பாட்டையும் சுற்றியது. சாமி மக்கள் பெரும்பான்மையாக உட்கார்ந்து வரிப்பணத்தை ஒதுக்கித் தீர்மானம் போடும் இடம் என்று அந்த நாட்டில் மிஞ்சுவது உட்ஸ்யோகி நகராட்சி மன்றம்தான். அதைக் கலைத்தால் எவ்வளவு மிச்சம் என்று கேட்பவர், எது போய்விடும் என்பதையும் அதே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

எல்லையைப் பற்றியும் கொஞ்சம். டெனோ எல்லைக் கோடானது 1751இல். அந்த ஒப்பந்தத்தோடு சேர்ந்த ஒரு பிற்சேர்க்கை, சாமி மக்கள் மந்தைகளோடு இரு பக்கமும் போய்வரலாம் என்று உறுதி கொடுத்தது. 1852இல், ஃபின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தபோது, மந்தைகளுக்கு எல்லை மூடப்பட்டது. உறவுகளை அப்படி மூட முடியவில்லை. இன்றும் அக்கா இந்தக் கரையில், தங்கை அந்தக் கரையில் என்று குடும்பங்கள் உண்டு. 1993இல் கட்டி முடித்த சாமி பாலம் உட்ஸ்யோகியை நார்வேயோடு இணைக்கிறது. பாலத்தைக் கடந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், யூரோ குரோனே ஆகும். நார்வேயில் விலை அதிகம் என்பதால் அக்கரைக்காரர்கள் நுவோர்காம் கடைகளுக்கு இறைச்சியும் மதுவும் வாங்க வருகிறார்கள். அந்தக் கிராமத்தின் கடைகள் பெருமளவு அவர்களை நம்பித்தான் இருக்கின்றன. 2020இல் பெருந்தொற்றுக்காக எல்லையை மூடியபோது கடைகளும் வெறிச்சோடின, ஆற்றின் எதிரே தெரியும் வீட்டுக்கு மக்கள் போகவும் முடியவில்லை. அதனால்தான், இணைப்பதென்றால் உட்ஸ்யோகிக்கு இயல்பான அண்டை தெற்கே அல்ல, ஆற்றுக்கு எதிரே இருக்கிறது என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

ஊர் நிலைக்குமா என்று கேட்டால், என் கவலை இளம்பெண்களைப் பற்றியது. வடக்கின் சிறிய ஊர்களில் மேற்படிப்புக்கு வெளியே போகும் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே திரும்பி வருகிறார்கள். பெண்களுக்கான நிலையான வேலைகள் பள்ளி, குழந்தைப் பராமரிப்பு, மருத்துவம், அலுவலகம் ஆகியவற்றில்தான் அதிகம். இணைப்பு என்று வந்தால் முதலில் நகரக்கூடியவையும் இவையே. மான் மேய்க்கும் குடும்பங்களில் பலவற்றில் மாதச் சம்பளம் மனைவியின் நகராட்சி வேலையிலிருந்துதான் வருகிறது. அந்த வேலை போனால் மந்தையும் நிற்காது. நார்வே 1990இல், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஃபின்மார்க் பகுதியில் வரிச்சலுகையும் கல்விக்கடன் தள்ளுபடியும் கொண்டுவந்தது. அதனால் மக்கள் தங்கினார்களா என்பதில் அங்கேயே கருத்து வேறுபாடு இருக்கிறது.

வெளியூர்க்காரர் அங்கே போய் வாழ முடியுமா என்றும் கேள்வியின் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். முடியும். ஆசிரியர், செவிலியர் போன்றவர்களுக்குத் தேவை இருக்கிறது, ஆனால் ஃபின்னிய மொழி கட்டாயம், வடசாமி கற்றால் மதிப்பு வேறு. இரண்டு ஆண்டுகள் குடியிருந்தால் வெளிநாட்டவரும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 1,200 பேர் உள்ள ஊரில் அந்த ஒரு வாக்கின் எடையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போவதற்கு முன் ஒரு டிசம்பரை அங்கே கழித்துப் பாருங்கள், ஜூலையில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

இந்த ஊரைத் தொடர்ந்து கவனிக்க நினைத்தால், ஆண்டு இறுதி மக்கள்தொகை எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அதில் இருபது கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக எதுவும் தெரியாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் முதல் வகுப்பில் எத்தனை குழந்தைகள் சேர்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் சாமி வழியில் படிக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். நான் ஆண்டுதோறும் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.